களையை வெல்லும் நிழல்

களையெடுப்பு முற்றிலும் மனிதனின் தொழில் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். எருவிடுதல், களைகட்டுதல், நீர்பாய்ச்சுதல் என உழவனின் கடமைகளை வள்ளுவரும் அடுக்கிச் சொன்னார். ஆயின், பயிரும் தன் பங்குக்குக் களையோடு பொருதுகின்றது. எல்லாப் பயிரும் ஒரே வலிமையோடு பொருதுவதில்லை என்பதே இங்கு நான் சொல்ல விழைவது.

வன்னியின் மேட்டுக்காணிகளில் மாரி மழையோடு விதைக்கப்படும் பயறு, உழுந்து, கௌபி ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வோம். மூன்றும் ஏறத்தாழ இரண்டு, இரண்டரை மாதங்களில் விளைபவை. மூன்றும் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்களின் துணையால் வளியின் நைதரசனைப் பெறுபவை. எனினும் களைக்கு முன் அவை ஒன்றல்ல. பயறு நிமிர்ந்து நிற்பது. தொடக்கத்தில் மெல்ல வளர்வது. அதன் இலைகளின் ஊடே வெயில் தாராளமாக நிலத்தில் விழும். உழுந்து தாழ்ந்து கிளைப்பதால் நிலத்தைச் சற்று நன்றாக மறைக்கும். கௌபியின் படரும் வகைகளோ அகன்ற இலைகளை விரித்து விரைவில் நிலத்தை மூடிவிடும். கோரையின் கிழங்கை எந்த நிழலும் அழித்துவிடாது. ஆனால் வெயிலை நாடும் கோரை நிழலில் மெலிந்து போகும்.

இப்போட்டி எப்பொழுது முடிவாகின்றது? நம் மலைநாட்டுப் போஞ்சியின் இனத்தைச் சேர்ந்த வெள்ளை அவரையைக் கனடாவின் ஒன்ராறியோவில் பெருவயல்களில் விளைவிக்கின்றனர். அங்கு நிகழ்ந்து 1993இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டாவது முக்கூட்டிலை விரிவது தொடங்கி முதற்பூ மலரும் வரை வயலிற் களை இருத்தலாகாது எனக் காட்டியது. அதன்பின் முளைக்கும் களையைப் பயிரின் நிழலே பெரும்பாலும் அடக்கிவிடும். ஆகவே வெற்றி தோல்வி சில வாரங்களுக்குள் அடங்கியது.

அந்த வாரங்களின் விலையைக் கொடுப்பவர் யார்? மாரி ஈரத்தில் முதுகு வளைத்துப் புல் பிடுங்கும் பெண்களே. தொடர்மழையில் மண்வெட்டி ஓடாது; பிடுங்கிய புல்லும் ஈரமண்ணில் மீண்டும் வேர்கொள்ளும். மருந்தை நம்பியோர் நிலையும் உறுதியானதன்று. 2015இல் கிளைபோசேற்றுத் தடைசெய்யப்பட்டது. 2021இல் இரசாயன உரங்களோடு களைகொல்லிகளின் இறக்குமதியும் சில மாதங்கள் தடைப்பட்டது. கடையில் மருந்து இல்லாத பருவத்திலும் இலையின் நிழல் வயலில் இருக்கும்.

அதற்காகப் படரும் வகையே சிறந்தது என்று தீர்ப்புரைத்தல் தகாது. படர்ந்த கொடியிற் காய்கள் ஒருசேர முற்றா. ஈரநிலத்தைத் தொடும் காய் அழுகும். நிமிர்ந்த செடியில் ஆய்வது எளிது. பொறியால் அறுவடை செய்யவும் அதுவே ஏற்றது. அதனை விரும்புவோர் வரிசைகளை நெருக்கி விதைத்து, நிலம் விரைவில் மூடச் செய்யலாம்.

நான் கண்ட விதை விவரங்களில் விளைச்சல் உண்டு, வயது உண்டு, நோயெதிர்ப்பும் உண்டு. நிலத்தை மூட எத்தனை நாள் என்ற கணக்கைக் கண்டதில்லை. அக்கணக்கையும் சேர்த்தெழுதினால், விதையைத் தெரிபவர் களை பிடுங்குபவரின் உழைப்பையும் எண்ணித் தெரிவார். ஒரு வகையின் பெருமையை மூட்டைகளால் மட்டும் அளத்தல் முறையன்று. அது மிச்சப்படுத்திய முதுகுவலியும் அதன் விளைச்சலே.