கருவுக்கு எட்டாத உப்பு

மரக்காணம் உப்பளத்தில் பொழுது விடிவதற்குள் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் இன்னும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடுகிற நேரம். நீளக் கம்பில் மாட்டிய பலகையால் ஆண்கள் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குகிறார்கள். பெண்கள் அதை அன்னக்கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பில் நடந்துபோய் மேட்டில் கொட்டுகிறார்கள். கூடையிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் நெற்றி, கன்னம், கழுத்து என்று இறங்கி ஜாக்கெட்டை நனைக்கிறது.

சென்ற கோடையில் அங்கே போனபோது என் பையில் ஒரு சின்னப் புட்டி இருந்தது. உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மருந்து. குவியலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் வைத்து ஒரு சொட்டு விட்டேன். அயோடின் இருந்தால் சொட்டு விழுந்த இடம் கருநீலமாகும். ஆகவில்லை. உப்பு வெள்ளையாகவே கிடந்தது.

கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்த ஒரு அம்மாவிடம், “வீட்டுல எந்த உப்பும்மா போடுறீங்க?” என்று கேட்டேன்.

“இதேதான் சார். அளத்துல வேலை செஞ்சிட்டு உப்பைக் காசு குடுத்தா வாங்குவாங்க?” என்றவர், தானாகவே சொன்னார்: “பொண்ணு மாசமா இருக்கு. அஞ்சாம் மாசம். அது சாப்பிடறதும் இதைத்தான்.”

அந்த அஞ்சாம் மாசம் என்ற சொல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கடலில் அயோடின் உண்டு. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 50 முதல் 60 மைக்ரோகிராம் வரை இருக்கும். கடலிலிருந்து வருகிற உப்பில் அது இருக்காதா என்று யாருக்கும் தோன்றும். இருப்பதில்லை. நீர் பாத்தியில் நின்று காயும்போது அயோடினில் ஒரு பங்கு காற்றோடு போகிறது; உப்பு படிந்த பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரோடு இன்னொரு பங்கு போகிறது. மீனிலும் இறாலிலும் அயோடின் தங்குகிறது. உப்பில் நாம்தான் சேர்க்க வேண்டும். விற்பனைக்கு வரும் சமையல் உப்பில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். 70 ஆண்டு வாழ்கிற மனிதரின் மொத்தத் தேவையைக் கூட்டினாலும் 4 கிராம் தாண்டாது. கர்ப்பிணிக்கு மட்டும் 250 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏன் கூடுதல்? கருவில் இருக்கும் பிள்ளை, மூளை கட்டுவதற்குத் தாயிடமிருந்து கடன் வாங்குகிறது.

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி, அயோடினைக் கொண்டு தைராக்ஸின் என்ற ஹார்மோனைச் செய்கிறது. தைராக்ஸினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள். அது மூளையில் ஒரு அயோடின் அணுவை உதிர்த்துவிட்டு, செல்லின் உட்கருவுக்குள் போய் அங்கே உள்ள மரபணுக்களில் சிலவற்றை எழுப்புகிறது, சிலவற்றை அடக்குகிறது. நரம்புச் செல்கள் பிறந்த இடத்திலிருந்து தத்தம் இடத்துக்கு நகர்வது, கிளை விடுவது, நரம்பைச் சுற்றி உறை படிவது எல்லாம் அதன் கட்டளைப்படி நடக்கின்றன. சிசுவின் தைராய்டு 12-ஆவது வாரம் வாக்கில் கண் விழித்தாலும், போதிய அளவு சுரக்க 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை தாயின் ஹார்மோன்தான். அதன் பிறகும் அயோடின் தாயின் ரத்தத்திலிருந்துதான் வர வேண்டும். உப்பளத்து அம்மாவின் மகள் இருந்தது சரியாக அந்த இடத்தில்.

மரபணுவைத் தலையெழுத்து மாதிரி பேசியே நமக்குப் பழக்கம். தாத்தன் மூக்கு, அப்பன் புத்தி என்று தொட்டிலருகே நின்று பங்கு பிரிக்கிறோம். மூக்கு சரி. புத்தி விஷயத்தில் தாத்தனிடமிருந்து வந்த மரபணு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எழுப்ப வேண்டிய ஹார்மோன் வேளைக்கு வராவிட்டால் அது தூங்கியே கிடக்கும். குழந்தை வளர்ச்சியைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இதைப்போல என்னை உலுக்கிய செய்தி வேறில்லை. பாரம்பரியமும் சூழலும் தனித்தனி அல்ல, ஒரே செல்லுக்குள் கைகோத்து நிற்கின்றன என்பதற்கு இதைவிடக் கண்ணெதிரான சான்று எனக்குத் தெரியாது.

மரபணுவே கோளாறாக வருவதும் உண்டு. தைராய்டு ஹார்மோனைச் செய்யத் தேவையான நொதி ஒன்றின் மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால், எவ்வளவு அயோடின் சாப்பிட்டும் பயனில்லை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் தெரியாது. சொந்தத்தில் கட்டுகிற குடும்பங்களில் இரண்டு பழுதும் ஒரே பிள்ளையிடம் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சொந்தத்தில் நடந்த திருமணங்கள் 28 சதவீதம். நாட்டின் சராசரி 11. இப்படியும் வேறு காரணங்களாலும் வருகிற பிறவித் தைராய்டுக் குறைபாடு குறித்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நகரங்களில் நடத்திய ஆய்வில், 1,130 பிறப்புக்கு ஒரு குழந்தை என்று கணக்கு வந்தது. சென்னையில் அது 727-க்கு ஒன்று. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று கட்டிவைக்கும் பெரியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை பிறந்தால் கூடுதலாகக் கவனியுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

கவனிப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்தக் குறையோடு பிறக்கிற குழந்தை அதிகம் அழாது. பாலுக்கு எழுப்ப வேண்டியிருக்கும். நிறையத் தூங்கும். வந்து பார்க்கிறவர்கள் எல்லாம் “என்ன சமத்து! இருக்கிற இடமே தெரியலையே” என்பார்கள். அந்தச் சமத்தோடு மஞ்சள்காமாலை இரண்டு வாரம் கடந்தும் இறங்காமல் இருந்தால், மலம் இறுகினால், நாக்கு தடித்துத் தெரிந்தால், தொப்புள் புடைத்திருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருப்பதே தாமதம்தான். பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ஊசி குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்திலேயே குறை தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் மாத்திரை தொடங்கிவிட்டால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போலவே படிக்கும், ஓடும், சண்டை போடும். மாத்திரைக்குச் சில்லறைக் காசுதான் செலவு. கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனை நடக்கிறது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு பிரசவ அறையிலும் இது தடுப்பூசி மாதிரி வழக்கமாக வேண்டும்.

உப்புக்கு வருவோம். 1956-இல் இமாசலத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவும் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு சாப்பிட்ட ஊர்களில் முன்கழுத்துக் கழலை நன்றாகக் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. பிறகு அந்த ஊர்களுக்கும் அதே உப்பைக் கொடுத்தார்கள். 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. கழுத்தில் தெரிகிற வீக்கத்தைவிட மூளையில் தெரியாமல் நேர்கிற சேதம் பெரிது என்பது அப்போது இவ்வளவு விளங்கியிருக்கவில்லை. அதை விளக்கியது பப்புவா நியூ கினியின் மலைக் கிராமங்களில் 1966-இல் தொடங்கிய ஒரு ஆய்வு. குடும்பம் விட்டுக் குடும்பம் அயோடின் எண்ணெய் ஊசி போட்டார்கள். கருத்தரிக்கும் முன்பே ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் பிள்ளைகள் கடும் மூளைக் குறைபாட்டிலிருந்து தப்பினார்கள். ஊசி போடும்போதே வயிற்றில் பிள்ளை இருந்த தாய்மார்களில் சிலருக்குக் குறையுள்ள குழந்தைகள் பிறந்தன. உதவி வந்தது, நாள் கடந்து வந்தது.

உப்பு எல்லா வீட்டுக்கும் போகும். சங்க காலத்தில் உமணர்கள் நெய்தல் நிலத்து உப்பை வண்டி கட்டி உள்நாட்டுக்குக் கொண்டுபோனதும் அதனால்தான். பணக்காரனும் ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுகிற பண்டம் வேறு கிடையாது. அயோடினை ஏற்றி அனுப்ப உப்பைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் காரணத்துக்காகவே. அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்க 1998-இல் வந்த தடையை 2000-இல் மத்திய அரசு விலக்கிக்கொண்டது. 2006-இல் மறுபடி கொண்டுவந்தது. இடையில் போனவை ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளில் கருவில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று இருபதைத் தாண்டியிருப்பார்கள்.

குஜராத்துக்கு அடுத்தபடி அதிக உப்பு விளைவிக்கிற மாநிலம் நம்முடையது. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று கரை நெடுக அளங்கள். 2018-19-இல் நாடு முழுவதும் நடந்த அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் கடைசி இடம். இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

காரணம் நம் சமையலறையில்தான் இருக்கிறது. நமக்குக் கல்லுப்பு வேண்டும். குழம்புக்கு அதுதான் ருசி, அது போட்டால்தான் ஊறுகாய் கெடாது. கல்லுப்பில் அயோடினைத் தெளிக்கிறார்கள். அது கல்லின் மேற்புறத்தில் ஒட்டி நிற்கும். ஈரம் பட்டால் வழிந்து சாக்கின் அடிக்குப் போய்விடும். பல கடைகளில் தெளிக்காத உப்புதான் சில்லறையில் அளந்து விற்கப்படுகிறது. உப்பளத்துக்குப் பக்கத்து ஊர்களிலோ கடைக்கே போக வேண்டாம். விளைகிற இடத்துக்கு நெருங்க நெருங்க அயோடின் குறைகிறது. மரக்காணத்துக் குப்பங்களில் மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கடல் கொஞ்சம் கைகொடுக்கும். உள்ளே தள்ளி வாழ்கிற, மீன் அரிதாக வாங்குகிற கூலிக் குடும்பத்துக்கு அதுவும் இல்லை.

அளத்துப் பெண்ணின் வயிற்றுப் பிள்ளைக்கு இன்னொரு சோதனையும் உண்டு: வெயில். மரக்காணத்தில் உப்புப் பருவம் தை பிறந்து புரட்டாசி வரை, சுமார் ஒன்பது மாதம். ஒரு பிள்ளைப்பேற்றின் நீளம். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களும் அதில் உண்டு. வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரண்டு மடங்கு என்று 2024-இல் வெளிவந்த முடிவு சொன்னது. உடம்பு சூடேறினால் ரத்தம் தோலுக்கு ஓடுகிறது, தன்னைக் குளிர்வித்துக்கொள்ள. நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் குறையும் என்பது மருத்துவர்களின் கவலை. உப்பின் வெள்ளை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். சுற்றிலும் மர நிழல் கிடையாது. ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

26 வார மகப்பேறு விடுப்புச் சட்டம் நிறுவன ஊழியருக்கு. தினக்கூலிக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். 1987-இல் 300 ரூபாயில் தொடங்கியது இன்று 18,000. அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். நல்ல திட்டம், நாட்டுக்கே முன்னோடி. ஆனால் அந்தப் பணத்தை நம்பி ஏழு மாதக் கர்ப்பிணி கூடையை இறக்கி வைக்க முடியாது. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளருக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதே கை, வெயில்காலத்தில் கர்ப்பிணிக்கும் நீள வேண்டும்.

பிள்ளை பிறந்த பிறகும் மூளை வேலையை நிறுத்துவதில்லை. பிறக்கும்போது பெரியவர் மூளையில் நான்கில் ஒரு பங்கு எடைதான் இருக்கும். இரண்டு வயதில் நான்கில் மூன்று பங்கு ஆகிவிடும். அந்த இரண்டு ஆண்டில் தாய்ப்பாலில் வருகிற அயோடினும் தாய் சாப்பிட்டதைப் பொறுத்ததே. பாலோடு பேச்சும் வேண்டும். குழந்தை “ங்கா” என்றால் நாமும் “ங்கா” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் போக்குவரத்தில்தான் நரம்பிணைப்புகள் வலுக்கின்றன. அம்மா விடியுமுன் அளத்துக்குப் போனால் தூளியை ஆட்டுவது ஆயாதான், இல்லை பள்ளிக்கூடம் போக வேண்டிய அக்காதான். அங்கன்வாடி இரண்டு வயதுப் பிள்ளையைத்தான் எடுத்துக்கொள்ளும், அதுவும் காலை ஆனபிறகு. அளத்தோரம் நிழல் கட்டி, தொட்டில் தொங்கவிட்டு, பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போட்டால் மரக்காணத்தில் எத்தனையோ அக்காக்கள் பள்ளிக்கூடம் போவார்கள்.

அன்று அந்த அம்மாவிடம் என் பையில் இருந்த பொட்டல உப்பிலும் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். கருநீலமானதும் குனிந்து பார்த்தார். “இது மருந்தா சார்?” என்றார். உப்புதான் என்றேன். பொட்டலத்தை அவரிடமே கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு கூடையைத் தூக்கினார்.

இதைப் படிக்கிறவர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கர்ப்பிணி யாராவது இருந்தால், அல்லது கல்யாணமான புதுப்பெண் இருந்தால், இன்றைக்கே உப்புப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். அயோடின் உப்பின் அடையாளமான சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி போட்ட ஜாடியில், ஈரம் படாமல், அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். குழம்பு இறக்கும்போது போடுங்கள். கல்லுப்பு இல்லாமல் முடியாதென்றால், அயோடின் சேர்த்த கல்லுப்பாகக் கேட்டு வாங்குங்கள்.