சாலைக்கும் மலைப்பாதைக்கும் ஒரே மோட்டார் சைக்கிள்: சிசிக்கு முன்பு பார்க்க வேண்டியது இருக்கை உயரம்

புதுதில்லி: வாரத்தில் ஐந்து நாள்கள் அலுவலகத்துக்கு, ஆண்டுக்கு ஒருமுறை ஸ்பிதிக்கோ லடாக்குக்கோ. இரண்டுக்கும் ஒரே வண்டி போதும் என்று விரும்புவோருக்கு இந்தியச் சந்தையில் நீண்ட காலம் தேர்வே இல்லாமல் இருந்தது. ஹீரோ நிறுவனம் 2011-இல் அறிமுகப்படுத்திய 150 சிசி 'இம்பல்ஸ்' போதிய வரவேற்பின்றி நின்றுபோனது. 2016-இல் ராயல் என்ஃபீல்டு 'ஹிமாலயன்', 2019-இல் ஹீரோ 'எக்ஸ்பல்ஸ் 200' ஆகியவை வந்த பிறகே நிலைமை மாறியது. இன்று எக்ஸ்பல்ஸ் 210, சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ், கவாசாகி கேஎல்எக்ஸ் 230, ஹிமாலயன் 450 எனப் பல வண்டிகள் விற்பனைக்கு உள்ளன. இப்போது குழப்பம் வேறுவிதமானது: எதை விடுவது என்பதே கேள்வி.

வாங்குவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது எஞ்சின் திறனை. ஆனால் கரடுமுரடான பாதையில் ஒருவர் வண்டியைக் கீழே போடுவதற்குத் திறன் குறைவு காரணமாக இருப்பது அரிது. கால் தரையில் எட்டாததே பெரும்பாலும் காரணம்.

எக்ஸ்பல்ஸ் 210-இன் இருக்கை உயரம் 830 மி.மீ.; வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 835 மி.மீ.; ஹிமாலயன் 450-இல் 825 அல்லது 845 மி.மீ. என மாற்றிக்கொள்ளலாம். கேஎல்எக்ஸ் 230-இல் இது 880 மி.மீ. சுமார் 165 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் கால் நீளம், தொடையின் உட்புறத்திலிருந்து குதிகால் வரை, ஏறத்தாழ 75 செ.மீ. மட்டுமே. அவர் அமர்ந்ததும் சஸ்பென்ஷன் சற்று இறங்கும் என்றாலும், கேஎல்எக்ஸ் போன்ற வண்டியில் விரல் நுனிகளே தரையைத் தொடும். சமதளமான ஷோரூம் தரையில் இது பெரிய குறையாகத் தெரியாது. சரிவான பாதையில் வண்டியை நிறுத்த நேரிட்டால், பள்ளமான பக்கத்தில் கால் ஊன்ற இடமே கிடைக்காது. வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிடும். எனவே பயணத்தில் அணியப்போகும் காலணியுடனேயே ஷோரூமுக்குச் செல்வதும், சற்றுச் சரிவான இடத்தில் அமர்ந்தபடி வண்டியைப் பின்னோக்கி நகர்த்திப் பார்ப்பதும் விளம்பரத்தில் உள்ள எண்களைவிட அதிகம் சொல்லும். ஓரளவு உயரம் குறைந்தவர்களும், புதிதாக ஓட்டத் தொடங்கும் பெண்களும் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்தது எடை. விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்க முடியுமா என்பதே இதற்கான அளவுகோல். கேஎல்எக்ஸ் 230 சுமார் 139 கிலோ. வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 167 கிலோ. ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ. முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையிலான 57 கிலோ வேறுபாடு ஏறக்குறைய ஓர் ஆளின் எடை. ஆக்சிஜன் குறைந்த உயரத்தில், சேற்றில், மாலை நேரத்தில் அந்த வேறுபாடு முழுமையாக உணரப்படும்.

எனினும் எடை குறைவுக்கு ஒரு விலை உண்டு. கேஎல்எக்ஸ் 230-இன் பெட்ரோல் டேங்க் 7.6 லிட்டர் மட்டுமே கொள்ளும். லிட்டருக்கு 30 கி.மீ. என்று கணக்கிட்டால் சுமார் 228 கி.மீ. செல்லலாம். மணாலி - லே நெடுஞ்சாலையில் தாண்டி பெட்ரோல் நிலையத்தில் இருந்த, 'அடுத்த நிலையம் 365 கி.மீ.' என்ற அறிவிப்புப் பலகை பயணிகளிடையே பெயர்பெற்றது. அப்படிப்பட்ட தடத்தில் சிறிய டேங்க் உள்ளவர் கேனைக் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஹிமாலயன் 450-இன் டேங்க் 17 லிட்டர்.

சக்கரங்களும் வண்டியின் இயல்பைக் காட்டிக்கொடுக்கும். முன்சக்கரம் 21 அங்குலமானால் கற்கள், குழிகள் மீது எளிதாக ஏறி இறங்கும். நகர நெரிசலில் திருப்பும்போது சற்று மந்தமாகத் தோன்றும். வி-ஸ்ட்ரோமில் உள்ள 19 அங்குலச் சக்கரம் தார்ச்சாலைக்கே அதிகம் பொருந்தும். ஸ்போக் சக்கரம் அடியைத் தாங்கும், நெளிந்தால் சரிசெய்யலாம். ஆனால் பெரும்பாலும் அதில் ட்யூப் இருக்கும். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அலாய் சக்கரத்தில் ட்யூப்லெஸ் டயர் என்பதால் வெளியிலிருந்தே அடைத்துவிடலாம். ஆனால் பாறையில் பலமாக மோதி விரிசல் விட்டால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்தது. ஆண்டில் 350 நாள் நகரத்தில் ஓட்டுபவர் இதை நேர்மையாகக் கணக்கிடுவது நல்லது.

எஞ்சின் திறன் முக்கியமற்றதல்ல. கடல் மட்டத்திலிருந்து 5,300 மீட்டருக்கு மேல் உள்ள கார்துங் லா போன்ற கணவாய்களில் காற்றழுத்தம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. எரிபொருள் ஊசித் தொழில்நுட்பம் கலவையைச் சரியாக வைத்திருக்குமே தவிர, இல்லாத ஆக்சிஜனை உருவாக்காது. சமவெளியில் 24 குதிரைத்திறன் தரும் வண்டி அங்கே அதில் பாதியளவே தரும். பின்னிருக்கையில் ஒருவரும் இரு பைகளும் இருந்தால் முதல் கியரிலேயே ஊர வேண்டியிருக்கும். தனியாகச் செல்பவருக்கு 200 சிசி வகை போதுமானது. இருவராகவே செல்வோருக்கு 400 சிசி வகை பொருத்தம்.

இங்கே வரியும் குறுக்கிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் ஆனது. 452 சிசி கொண்ட ஹிமாலயன் 450-க்கும் சிறிய வண்டிகளுக்கும் இடையிலான விலை இடைவெளி இதனால் மேலும் விரிந்துள்ளது.

125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். சரளைக்கல் இறக்கத்தில் பின்சக்கர ஏபிஎஸ் தடை விசையைத் தளர்த்திவிடும் என்பதால், அதை அணைக்கும் வசதி உண்டா என்று கேட்பது அவசியம். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் அதை மீண்டும் இயக்க மறக்கக் கூடாது.

பாதை இருக்கிறது என்பதற்காகவே அதில் ஓட்ட அனுமதி இருப்பதாகப் பொருளில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றமாகும்.

பழைய வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை தனி. எஞ்சினுக்கு அடியிலுள்ள தகட்டில் ஆழமான அடிகள், முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ஒரே சக்கரத்தில் பளபளக்கும் புதிய ஸ்போக்குகளும் துருப்பிடித்த பழைய ஸ்போக்குகளும் கலந்திருப்பது ஆகியவை அந்த வண்டி மலையில் கடுமையாக உழைத்ததற்கான அறிகுறிகள். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டில்பாரை மெதுவாக இடமும் வலமும் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் சிக்குவது போலிருந்தால், ஸ்டீரிங் பேரிங் தேய்ந்துள்ளது என்று கொண்டு விலையைப் பேசலாம்.