மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறது?

பிரிட்டனில் ஏப்ரல் வெயில் தலைகாட்டியதும் தெருக்களில் கேம்பர்வேன்கள் முளைக்கத் தொடங்கிவிடும். லண்டன் புறநகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாசலிலும் ஒன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 வயதான வண்டி. சரக்கு வேனாகப் பிறந்து, பிறகு யாரோ ஒருவரின் கைவண்ணத்தில் அடுப்பு, சிங்க், அலமாரி, விரித்தால் கட்டிலாகும் பின்இருக்கை எல்லாம் சேர்ந்து வீடாக மாறியது. விற்றவர் புத்தம்புது சீட் கவர் வேறு போட்டுக் கொடுத்திருக்கிறார். சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்புத் தையல்.

அப்பா இரண்டு கார் சீட்டுகளைத் தூக்கி வருகிறார். ஒன்று ஐந்து வயது மகளுக்கு, மற்றது 14 மாத மகனுக்கு. சின்னவனின் சீட்டுக்குப் பின்னால் இரண்டு இரும்புக் கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை கவ்விப் பிடிக்க வேண்டிய வளையங்களைத் தேடி, இருக்கையும் முதுகுச்சாய்வும் சேரும் இடுக்கில் விரலை விடுகிறார். துணி தட்டுப்படுகிறது. இன்னும் ஆழமாக விட்டால் ஸ்பாஞ்சு. அதற்கும் கீழே பிளைவுட்.

வளையம் இல்லை. ஐசோஃபிக்ஸ் எனப்படும் அந்த அமைப்பில், 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் வண்டியின் உடலோடு பிணைந்திருக்க வேண்டும். இன்றைய கார்களில் அதைத் தொழிற்சாலையே வைத்துத் தந்துவிடுகிறது. சரக்கு வேனின் பின்பக்கத்தில் மனிதர்கள் உட்காருவார்கள் என்று தொழிற்சாலை நினைக்கவே இல்லை. அங்கே இருப்பது பிற்பாடு ஒரு பட்டறையிலோ யாரோ ஒருவரின் வீட்டுக் கொல்லையிலோ செய்து பொருத்திய பெஞ்சு. கேம்பர்வேனில் குழந்தைகளை ஏற்றுவதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அந்தப் பெஞ்சு பார்வைக்கு இருக்கை. உண்மையில் அது மரச்சாமானாகவும் இருக்கலாம்.

திருச்சியிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு இந்தத் தேடலே வேடிக்கையாக இருக்கிறது. “மடியில வெச்சுக்கிட்டா ஆச்சு. உன்னை அப்படித்தானே கொண்டுபோனோம்?” என்கிறார். பாட்டியைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, 14 வயது நிறையாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. நம் ஊர்ச் சாலைகளைப் பார்த்தால் அப்படியொரு சட்டம் இருப்பது தெரியாது, அவ்வளவுதான்.

மடி ஏன் போதாது என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி நிற்பது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். பத்தில் ஒரு நொடிக்குள் நின்றுவிட்டால், 10 கிலோ குழந்தையைப் பிடித்துவைக்க சராசரியாக 140 கிலோ பாரத்தைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது முடியாது. கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து பிஞ்சு. முன்னோக்கி உட்கார்ந்தால் பெல்ட் உடலைப் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் பாயும். விண்கலத்தில் மல்லாந்து படுத்தபடி புறப்படும் ஜெமினி வீரர்களைப் பார்த்துத்தான் ஸ்வீடனின் பெர்டில் ஆல்ட்மன், பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையை யோசித்தார். அதன் முதல் மாதிரி 1964இல் சோதிக்கப்பட்டது. இன்றைய ஆர்129 தரம், அதாவது கடைகளில் ‘ஐ-சைஸ்’ என்று எழுதியிருப்பது, 15 மாதம் தாண்டும்வரை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும் என்கிறது. நம் சின்னவனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பிரிட்டன் சட்டத்தின்படி 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைகளுக்குத் தகுந்த கார் சீட் கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஓட்டுநரே பொறுப்பு. தவறினால் அபராதம் 500 பவுண்டு வரை போகும். பின்னோக்கிய சீட்டை முன்வரிசையில் வைத்தால் அங்குள்ள ஏர்பேக்கை முதலில் அணைத்துவிட வேண்டும். இவை எல்லாக் கார்களுக்கும் பொது. கேம்பர்வேன்காரர்கள் மாட்டிக்கொள்வது வேறு மூன்று இடங்களில்.

பக்கவாட்டு சோபா முதலாவது. ஜன்னலை ஒட்டி நீளவாக்கில் போட்டிருக்கும் அந்த இருக்கையில் குழந்தை சீட்டைப் பொருத்தக் கூடாது என்பது சட்டம். இடுப்புக்கு மட்டும் வரும் இரண்டு முனை பெல்ட் அடுத்தது. மார்புக்குக் குறுக்கே பட்டை இல்லாத இடத்தில், இடுப்பு பெல்ட்டுக்கென்றே செய்யப்பட்ட சீட்டையோ ஐசோஃபிக்ஸ் சீட்டையோதான் வைக்கலாம். பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்க, கடையில் அடுக்கியிருக்கும் பூஸ்டர்களில் பெரும்பாலானவை இங்கே பயன்படாது. மூன்றாவது, பெல்ட்டே இல்லாத பழைய வண்டி. 1960களின் ஃபோக்ஸ்வாகன் வேனை ஆசையாக வாங்கி வைத்திருப்பவர்கள் அங்கே நிறைய. அந்த வண்டி பெல்ட் இல்லாமலே தயாரானது என்றால், மூன்று வயது நிறைந்த பிள்ளையைப் பின்னால் உட்காரவைக்கலாம். அதற்குக் கீழ் என்றால் ஏற்றவே முடியாது. சட்டம் இடம் கொடுக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 40ஏ பிரிவு, ஆட்களை ஏற்றிச் செல்லும் விதமே ஆபத்தானதாக இருந்தால் அதையும் குற்றம் என்கிறது. பெல்ட் இல்லாத சோபாவில் பெரியவர்கள் உட்கார்ந்து போவதையும் போலீஸ் இந்தக் கண்ணால் பார்க்கலாம்.

இனி அந்தப் பின்பெஞ்சுக்கு வருவோம். விரித்தால் கட்டிலாகும் இந்த வகைக்கு அங்கே ‘ராக் அண்ட் ரோல் பெட்’ என்று பெயர். நல்ல தயாரிப்பாளர்கள் அதை எஃகுச் சட்டத்தில் செய்து, பெல்ட் முனைகளை இழுத்துச் சோதிக்கிறார்கள். பயணிகள் வாகனங்களுக்கான சர்வதேச விதி, பெல்ட்டின் மார்புப் பட்டைக்கும் இடுப்புப் பட்டைக்கும் தலா சுமார் 1,350 கிலோ பாரத்துக்கு ஈடான இழுவையைக் கேட்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு சின்ன காரைத் தொங்கவிட்டதுபோல. இந்தச் சோதனையில் தேறிய பெஞ்சும், பிளைவுட் பெட்டியில் திருகாணி அடித்து பெல்ட் மாட்டிய பெஞ்சும், கவர் போட்டுவிட்டால் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே கவரைக் கழற்றி, மெத்தையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெல்ட் எதில் பிணைந்திருக்கிறது? போல்ட் வண்டியின் தரையைத் துளைத்துக் கீழே தடித்த தகட்டில் இறுகியிருக்கிறதா? சோதனைச் சான்று எங்கே? இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. சமையல் அடுப்புக்கு எத்தனை பர்னர் என்று கேட்கத் தெரிந்தவருக்கு இதையும் கேட்கத் தெரிய வேண்டும்.

பெஞ்சு உறுதியாகவே இருந்தாலும் சீட் உட்கார மறுக்கலாம். பின்னோக்கிய சீட்டைச் சுற்றிக் கட்ட நீளமான பெல்ட் தேவை. மாற்றிக் கட்டிய வேன்களில் அது ஒரு சாண் குறைந்துவிடும். சில சீட்டுகளுக்கு முன்னால் ஊன்றுகால் உண்டு. அந்தக் கால் நிற்கும் இடத்துக்குக் கீழே செருப்பு, கேஸ் சிலிண்டர் வைக்கும் வெற்று அறை இருந்தால், மோதும்போது மூடியே உள்ளே போய்விடும். சீட்டின் தலைப்பகுதியைப் பின்னால் இழுத்துக் கட்டும் பட்டை சிலவற்றில் இருக்கும்; மடக்குக் கட்டிலில் அதை மாட்ட இடமே இருக்காது. பெல்ட்டின் பூட்டு சீட்டின் விளிம்பில் வளைந்து அழுந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பூட்டு வளைந்து நின்றால் அடிபடும் நேரத்தில் உடையலாம், திறந்தும் கொள்ளலாம்.

சீட் கவர் வெறும் அழகுச் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முன்இருக்கைகள் சிலவற்றில் பக்கவாட்டு ஏர்பேக், முதுகுச்சாய்வின் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்படி அமைந்திருக்கும். அதன்மேல் கெட்டியான கவரை இழுத்து மாட்டினால் பை விரிய வழியில்லை. இருக்கையின் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று சின்ன எழுத்தில் பொறித்த லேபிள் தெரிந்தால், அதற்கென்று ஓரத்தைத் திறந்துவிட்டுத் தைத்த கவரை மட்டுமே வாங்க வேண்டும். பின்னால் நடப்பது இன்னொரு கதை. தடிமனான ஸ்பாஞ்சு கவரின் மேல் கார் சீட்டை வைத்து பெல்ட்டை இறுக்கினால் இறுகியதுபோலவே தெரியும். மோதலில் ஸ்பாஞ்சு நசுங்கும், நசுங்கிய அளவுக்கு பெல்ட் தொளதொளக்கும்.

குளிர்காலக் கோட்டை வைத்து இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பருத்த கோட்டோடு குழந்தையை உட்காரவைத்துப் பட்டையை இறுக்குங்கள். பட்டையின் நீளத்தை மாற்றாமல் பூட்டைத் திறந்து, கோட்டைக் கழற்றி, மறுபடி பூட்டுங்கள். பட்டைக்கும் மார்புக்கும் நடுவே எவ்வளவு இடம் வந்துவிட்டது என்று பாருங்கள். தடித்த கவரும் செய்வது இதையேதான். பிஸ்கட் தூளுக்கும் சிந்திய பாலுக்கும் பயந்து கவர் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், மெல்லியதாக, வழுக்காததாக, கார் சீட் தயாரித்தவரே ஒப்புக்கொண்டதாக இருக்கட்டும்.

ஏமாந்துபோனால் என்ன செய்வது? வண்டியை யாரிடம் வாங்கினோம் என்பதைப் பொறுத்தது அது. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் துணைக்கு வரும். நான்கு பேர் பயணிக்கலாம் என்று சொல்லி விற்ற வண்டியில் இரண்டு பெல்ட் உதவாது என்றால், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அந்தக் கெடு தாண்டியிருந்தால் முதலில் சரிசெய்ய ஒரு வாய்ப்பு தர வேண்டும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது வியாபாரியின் பாடு. வேனை மாற்றிக் கட்டித் தரும் பட்டறையும், நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்து தரக் கடமைப்பட்டதுதான். தனி ஆளிடம் வாங்கியவர்களுக்கு இவ்வளவு பலம் கிடையாது. விளம்பரத்தில் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று காட்டினால்தான் வழி பிறக்கும். ஆகவே அந்த விளம்பரத்தைப் படமெடுத்து வைப்பது முக்கியம்.

பலர் கோட்டைவிடும் ஒரு சங்கதி கிரெடிட் கார்டு. விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்து, முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வியாபாரியோடு கார்டு நிறுவனமும் பொறுப்பாகிறது. பட்டறையே மூடிப்போன பிறகும் இந்தக் கதவு திறந்திருக்கும். இணையத்தில் வாங்கிய கார் சீட் வேனில் உட்காரவில்லையா? கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கடையில் வாங்குகிறவர்கள், “இது கேம்பர்வேனுக்கு, வண்டி இன்னது, பெஞ்சு இன்னது” என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. அந்தத் தேவையைத் தெரிந்துகொண்டு விற்றால் பொருள் அதற்குப் பொருந்த வேண்டும் என்பதும் அதே 2015 சட்டத்தில் இருக்கிறது. எதற்கும் அசையாதவர்கள்மீது ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ உதவி எண்ணில் முறையிடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே சிறுவழக்கு முறையில் நடத்தலாம்.

வாசலில் நிற்கும் வண்டிக்கு அதிர்ஷ்டம் இருந்தது. சிங்குக்குக் கீழே, பிளாஸ்டிக் உறையில் மடித்துவைத்த ஒரு காகிதம்: பெஞ்சின் இழுவைச் சோதனைச் சான்று, மூன்று முனை பெல்ட்டுகள் இரண்டுக்கு. பிளைவுட் வெறும் மேல்மூடிதான். அடியில் எஃகுச் சட்டம் இருந்தது. ஐசோஃபிக்ஸ் சீட் கடைக்குத் திரும்பிப் போய், பெல்ட்டால் கட்டும் பின்னோக்கிய சீட் வந்தது. அக்காவுக்கு முதுகு உயர்ந்த பூஸ்டர். சாம்பல் நிறக் கவர் கராஜுக்குப் போனது. முன்னால் அம்மாவும் அப்பாவும். பெல்ட் நான்கு, ஆள் ஐந்து.

பாட்டிக்கு விக்டோரியா நிலையத்திலிருந்து விட்ஸ்டபிளுக்கு ரயில் டிக்கெட் எடுத்தார்கள். கடற்கரையில் வண்டி நின்றதும், பக்கவாட்டு சோபாவில் முதலில் போய் உட்கார்ந்து டீ கேட்டவர் அவர்தான்.