தொலைவிலிருந்து அழிக்கலாம், மீட்க முடியுமா? அலுவலகச் சாதனங்களுக்கான பாதுகாப்பு, காப்புப்பிரதி விதிகள்: ஒரு விளக்கம்

புது தில்லி: வங்கியின் களப் பணியாளர் கையில் உள்ள டேப்லெட், வீட்டிலிருந்து பணிபுரியும் கணக்காளரின் மடிக்கணினி, கிளை அலுவலகத்தின் கணினி ஆகியவற்றைத் தலைமையகத்தில் இருந்தபடியே பூட்டவும், அவற்றில் மென்பொருளை நிறுவவும், தேவையெனில் உள்ளே இருப்பவை அனைத்தையும் அழிக்கவும் இயலும். சாதன மேலாண்மை மென்பொருள் எனப்படும் இவ்வசதியை இன்று சிறு நிறுவனங்களும் மாதச் சந்தா செலுத்திப் பெறுகின்றன. ஆனால், அழிக்கும் அதிகாரத்தை ஏற்படுத்துவதில் காட்டப்படும் வேகம், அழிந்ததை மீட்பதற்கான ஏற்பாட்டில் காட்டப்படுவதில்லை.

இதன் விளைவை 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் தேதி சிங்கப்பூர் கண்டது. அங்குள்ள பள்ளி மாணவர்களின் ஐபேடு, குரோம்புக் சாதனங்களைக் கட்டுப்படுத்த 'மொபைல் கார்டியன்' என்ற செயலி பயன்படுத்தப்பட்டு வந்தது. அந்த அமைப்புக்குள் வெளியார் ஒருவர் அத்துமீறி நுழைந்ததை அடுத்து, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. தனியே நகல் எடுத்து வைக்காத மாணவர்கள் பாடக் குறிப்புகளை இழந்தனர். பின்னர், அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் அச்செயலியை எல்லாச் சாதனங்களில் இருந்தும் நீக்கியது. மாணவர்களைப் பாதுகாக்க வைக்கப்பட்ட கருவியே அவர்களது உழைப்பை அழிக்கும் கருவியாயிற்று.

செயல்படும் முறை

நிறுவனம் வாங்கும் ஒவ்வொரு சாதனமும் முதலில் மேலாண்மை சர்வரில் பதிவு செய்யப்படுகிறது. அதன்பின் அச்சாதனம் குறிப்பிட்ட இடைவெளியில் சர்வருடன் தொடர்புகொண்டு, தனக்குரிய விதிகளைப் பெற்றுக்கொள்கிறது. திரைப்பூட்டு கட்டாயம், சேமிப்பகம் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட வேண்டும், இயங்குதளம் இன்ன பதிப்புக்குக் குறையக் கூடாது, அனுமதிக்கப்பட்ட செயலிகளை மட்டுமே நிறுவலாம் என்பன வழக்கமான விதிகள். விதியை மீறும் சாதனத்துக்கு அலுவலக மின்னஞ்சலும் கோப்புகளும் மறுக்கப்படும்.

பணியாளர் தமது சொந்தக் கைப்பேசியையே அலுவலகப் பணிக்கும் பயன்படுத்தினால் நிலை வேறு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அலுவலகச் செயலிகளுக்கெனத் தனிப் பகுதி ஒன்றை உருவாக்கலாம். பணியாளர் விலகும்போது நிறுவனம் அந்தப் பகுதியை மட்டுமே அழிக்க இயலும்; குடும்பப் புகைப்படங்களையும் சொந்த உரையாடல்களையும் தொட முடியாது. இந்த எல்லை எது என்பதைப் பதிவு செய்யும் நாளிலேயே எழுத்து வடிவில் தெரிவிப்பதுதான் முறை. தெரிவிக்காத இடங்களில், அலுவலகம் தம்மை வேவு பார்ப்பதாக ஐயுறும் பணியாளர்கள் செயலியை நிறுவவே மறுக்கின்றனர். அந்த ஐயத்தைக் குறை கூறுவதற்கில்லை.

கைப்பேசி தொலைந்தால்

எழுதப்பட்ட விதி இருக்கிறதா, இல்லையா என்பது பெரும்பாலும் கைப்பேசி தொலையும் நாளில்தான் தெரியவருகிறது. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தின் வாயிலாக, தொலைந்த கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கும் வசதி 2023-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாடு முழுவதும் உள்ளது. ஆனால், இது அக்கைப்பேசி தொலைத்தொடர்பு வலையமைப்பில் இயங்குவதைத் தடுக்குமே தவிர, உள்ளே இருக்கும் தரவை அழிக்காது.

இங்குச் செயல்களின் வரிசை முக்கியம். பூட்டும் கட்டளையோ அழிக்கும் கட்டளையோ இணையம் வழியாகவே கைப்பேசியைச் சென்றடைய வேண்டும். பதற்றத்தில் சிம் அட்டையையும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் முதலில் முடக்கிவிட்டால், அக்கைப்பேசி ஏதேனும் ஒரு வைஃபை இணைப்பில் சேரும் வரை கட்டளை காத்துக்கிடக்கும். எனவே, முதலில் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தகவல், உடனே தொலைவிலிருந்து பூட்டுதல், தேவையெனில் அழித்தல், அதன் பின்னரே இணைப்பு முடக்கம் என்ற வரிசையே பொருத்தமானது. அழித்த பிறகு சாதனம் இருக்கும் இடத்தைக் கண்டறிவது பல நேரங்களில் இயலாது என்பதால், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், யார் முடிவெடுப்பது என்பவையும் விதியில் இடம்பெற வேண்டும். இரவு 11 மணிக்குத் தொலையும் கைப்பேசிக்கு மறுநாள் காலை 10 மணிக்குத் திறக்கும் உதவி மையத்தால் பயனில்லை.

எய்ம்ஸ் நிகழ்வு

காப்புப்பிரதியின் மதிப்பை இந்தியாவில் பரவலாக உணர்த்தியது, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை மீது 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி நடத்தப்பட்ட சைபர் தாக்குதல். மருத்துவமனையின் 'இ-ஹாஸ்பிட்டல்' செயலி முடங்கியதால் நோயாளிகள் பதிவு, அனுமதி, பரிசோதனை அறிக்கை ஆகிய பணிகள் காகிதத்துக்கு மாறின. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 1.3 டெராபைட் தரவு தாக்குதல்காரர்களால் குறியாக்கம் செய்யப்பட்டதாகவும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே தாக்குதலுக்கு வழிவகுத்ததாகவும் அரசின் பதிலில் கூறப்பட்டது.

பாதிப்புக்கு உள்ளாகாத ஒரு காப்பு சர்வரில் இருந்தே 'இ-ஹாஸ்பிட்டல்' தரவு முழுவதும் மீட்கப்பட்டது. அப்படியிருந்தும் பெரும்பாலான சேவைகள் திரும்ப இரண்டு வாரங்கள் ஆயின. தரவு பத்திரமாக இருப்பதும், பணி உடனே தொடங்குவதும் வெவ்வேறு. இதனால்தான் காப்புப்பிரதி விதியில் இரண்டு கேள்விகள் தனித்தனியே கேட்கப்படுகின்றன: எத்தனை மணி நேரத் தரவை இழக்கத் தயார்? எத்தனை மணி நேரம் பணியின்றி இருக்கத் தயார்? நாளொன்றுக்கு ஒருமுறை நகல் எடுக்கும் அலுவலகம், ஒரு முழு நாள் உழைப்பை இழக்க ஒப்புக்கொண்டதாகவே பொருள்.

மேகச் சேமிப்பில் கோப்புகள் தாமாகவே ஒத்திசைவதைக் காப்புப்பிரதி எனப் பலர் கருதுகின்றனர். இது தவறான நம்பிக்கை. மடிக்கணினியில் ஒரு கோப்பு அழிந்தாலோ, ரேன்சம்வேரால் பூட்டப்பட்டாலோ, அந்த மாற்றமும் அப்படியே மேகத்துக்குச் சென்றுவிடும். பழைய பதிப்புகள் குறிப்பிட்ட நாள்கள் மட்டுமே வைக்கப்பட்டிருக்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியிடத்தில் என்பது இத்துறையின் பழைய நடைமுறை. அந்த மூன்றில் ஒன்றேனும், சாதனங்களை நிர்வகிக்கும் அதே கடவுச்சொல்லால் அழிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்போது சேர்ந்துள்ளது. நிர்வாகியின் கணக்கைக் கைப்பற்றுபவர் முதலில் தேடுவது காப்புப்பிரதியைத்தான்.

ஒரே நேரத்தில் அனைவருக்கும் வேண்டாம்

மையக் கட்டுப்பாட்டின் மறுபக்கம் 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி வெளிப்பட்டது. 'கிரவுட்ஸ்டிரைக்' நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்ததாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இது தாக்குதல் அன்று, தவறு மட்டுமே. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன. 10 வங்கிகளிலும் வங்கி சாரா நிதி நிறுவனங்களிலும் சிறு இடையூறுகள் ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது.

முடங்கிய கணினிகள் முழுமையாகத் தொடங்காததால், பலவற்றைத் தொலைவிலிருந்து சரிசெய்ய இயலவில்லை. தொழில்நுட்பப் பணியாளர்கள் ஒவ்வொரு கணினியின் முன்பும் அமர வேண்டியிருந்தது. சேமிப்பகம் குறியாக்கம் செய்யப்பட்ட கணினிகளுக்கு 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டது. அச்சாவிகளின் பட்டியல் முடங்கிய கணினி ஒன்றில் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மீட்புச் சாவிகளின் நகலைத் தனி இடத்தில் வைப்பதும், புதுப்பிப்புகளை முதலில் சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பி, ஓரிரு நாள்கள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புவதும் இதற்கான தடுப்பு முறைகள். ஆபத்தான குறைபாட்டை அடைக்கும் அவசரத் திருத்தங்களுக்கு இந்தக் காத்திருப்பைச் சில மணி நேரமாகக் குறைக்க வேண்டியிருக்கும். இங்கு எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது.

அழிக்கும் கட்டளைக்கும் இதே எச்சரிக்கை தேவை. ஒரே நிர்வாகி ஒரே நேரத்தில் ஆயிரம் சாதனங்களை அழிக்க முடியாதபடி, இரண்டாம் நபரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம். நிர்வாகிகளின் கணக்குகளுக்குக் கடவுச்சொல்லுடன் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இருந்தாக வேண்டும்.

சட்டம் கூறுவது

இந்திய கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி, பட்டியலிடப்பட்ட சைபர் நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள்களுக்குப் பராமரிக்க வேண்டும். சாதனங்களின் பதிவேடு அச்சாதனத்திலேயே இருந்து, சாதனமும் அழிக்கப்பட்டுவிட்டால் இக்கடமையை நிறைவேற்ற வழியில்லை. ஆகவே, பதிவேடுகள் மைய சர்வருக்கு உடனுக்குடன் அனுப்பப்பட வேண்டும்.

வங்கிகளுக்கு, காப்புப்பிரதியை அவ்வப்போது மீட்டெடுத்துச் சோதிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் நடைமுறையில் உள்ளது. மற்ற நிறுவனங்களில் இச்சோதனையே அதிகம் தவிர்க்கப்படுகிறது.

2025-ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள், குறியாக்கம், அணுகல் கட்டுப்பாடு, ஓராண்டுக்குப் பதிவேடுகளைப் பேணுதல் ஆகியவற்றுடன் காப்புப்பிரதியையும் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கச் சட்டம் வகை செய்கிறது. நிறுவனங்களுக்கான முதன்மைக் கடமைகள், விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன.