எச்சிலிலும் இரத்தத்திலும் மார்பகப் புற்று தெரியுமா?



கல்வராயன் மலையில் வெள்ளிமலை பக்கம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் முடிந்து நோட்டை மூடும் நேரத்தில் ஒரு அக்கா கேட்டார்: "ஏம்மா, ஒரு சொட்டு ரத்தத்துல சக்கர இருக்குதான்னு சொல்லிடறாங்க. ஒண்ணுக்க வெச்சே கர்ப்பம் தெரிஞ்சிடுது. மாருல கேன்சர் இருக்குதான்னு பாக்க அப்படி ஒரு டெஸ்ட்டு இல்லியா? துணிய அவுக்காம பாத்துட்டா எவ்ளோ நல்லா இருக்கும்!"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

புரதம் என்ன சொல்லும்?

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அவற்றைச் சாப்பிட்டு, நம் உடம்பு தனக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான புரதங்களைத் தானே செய்துகொள்கிறது. புற்று வந்த இடத்தில் சில புரதங்கள் அளவுக்கு மேல் உண்டாகும். அதில் கொஞ்சம் இரத்தத்தில் கலக்கும். இரத்தத்தில் இருப்பதில் மிகச் சிறிய பங்கு எச்சிலிலும் இறங்கும்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் ஸ்ட்ரெக்ஃபஸ் என்ற பல் மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும், மார்பகப் புற்று உள்ள பெண்களின் எச்சிலில் 'ஹெர்-2' என்ற புரதம் கூடுதலாக இருப்பதாக எழுதினார்கள். அதன்பின் பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் எச்சிலை மட்டும் பார்த்து "இருக்கிறது, இல்லை" என்று உறுதியாகச் சொல்லும் சோதனை இன்னும் மருத்துவமனை நடைமுறைக்கு வரவில்லை.

இரத்தத்தில் பார்க்கும் 'சி.ஏ. 15-3' என்ற சோதனை லேப்களில் உண்டு. அதுவும் ஒரு புரதத்தின் அளவுதான். ஆனால் புற்று இருக்கிறதா என்று முதன்முதலில் கண்டுபிடிக்க அது உதவாது. ஏன்?

தூரத்து ஊரில் கூரைக்கு மேல் புகை தெரிகிறது. அடுப்பு எரிந்தாலும் புகை வரும், கூரை பற்றினாலும் புகை வரும். புகையை மட்டும் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. கூரையில் ஒரு பொறி மட்டும் விழுந்திருந்தால், அப்போது புகையே தெரியாது. இந்தப் புரதமும் அப்படித்தான். ஈரல் கோளாறு போன்ற வேறு காரணங்களாலும் கூடும். கட்டி சின்னதாக இருக்கும்போது பலருக்குக் கூடுவதே இல்லை. எந்த நேரத்தில் கண்டுபிடித்தால் குணமாக்குவது எளிதோ, அந்த நேரத்தில்தான் அது கைவிடுகிறது.

அப்படியானால் புரதச் சோதனை வீணா?

இல்லை. நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியவர்களுக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, மற்ற சோதனைகளோடு சேர்த்து சி.ஏ. 15-3 பார்ப்பார்கள். கட்டியிலிருந்து சிறு சதை எடுத்துச் செய்யும் 'பயாப்ஸி'யில் புற்று என்று தெரிந்தால், அதே சதையில் ஹெர்-2 புரதத்தையும் பார்ப்பார்கள். எந்த மருந்து கேட்கும் என்பதை அது சொல்லும்.

நடந்த ஒன்று

நம் பகுதியில் ஒரு உறுப்பினருக்கு மார்பில் கொட்டைப்பாக்கு அளவு கட்டி. வலி இல்லை. யாரிடமும் காட்டக் கூச்சம். குழுவில் உள்கடன் வாங்கி, ஒரு தனியார் லேபில் இரத்தம் கொடுத்தார். "நார்மல்" என்று சீட்டு வந்தது. நிம்மதியாக இருந்துவிட்டார். ஆறு மாதத்தில் கட்டி எலுமிச்சை அளவாகி, அக்குளிலும் ஒன்று வந்தது.

கடன் நோட்டில் "மருத்துவச் செலவு" என்று இருந்தது. அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். "உனக்கு என்ன உடம்புக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிகிச்சை முடிந்து அவர் இப்போது கூட்டத்துக்கு வருகிறார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

கை செய்த வேலை

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். அதில் பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் மார்பைத் தொட்டுச் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வெளிவந்தது. அந்தப் பெண்களிடம் நோய் முற்றும் முன்பே தெரிந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் மார்பகப் புற்றால் ஏற்படும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. பெரிய மெஷின் இல்லை, பழகிய கைதான்.

நாம் செய்ய வேண்டியது

* 30 வயது தாண்டியவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸிடம் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசு கிடையாது. பார்ப்பது பெண்தான்.
* கட்டி, தோல் குழிதல், ஆரஞ்சுத் தோல் போல் ஆதல், காம்பு புதிதாக உள்ளே இழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு, அக்குளில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். வலி இல்லையே என்று விடாதீர்கள்.
* கட்டி இருக்கும்போது "இரத்தம் நார்மல்" என்ற சீட்டை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். ஸ்கேன் அல்லது மேமோகிராம், தேவைப்பட்டால் பயாப்ஸி, இதுதான் வழி. ஊசி குத்தினால் நோய் பரவும் என்பது தவறு.
* கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். மேல் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உள்ளன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. பயந்து ஒளிக்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் ஒரு தேதி எழுதுங்கள். அன்று 30 வயது தாண்டிய உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து சுகாதார நிலையத்துக்குப் போவோம். தனியாகப் போனால் கூச்சம், பத்துப் பேராகப் போனால் கூச்சம் இல்லை. மருத்துவச் செலவுக்கு யாராவது கடன் கேட்டால், பணத்தோடு "என்ன உடம்புக்கு?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள்.