சைக்கிளும் சுமையும்

தில்லியில் சைக்கிளேறி அலுவலகம் செல்லும் நம்மவர் பலர், டிபன் பெட்டியையும் காகிதங்களையும் எங்கே வைப்பது என்பதை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. ஆயினும் பஸ்களுக்கிடையே வண்டி தடுமாறாமல் செல்வது பெரிதும் இதைப் பொறுத்ததே.

கைப்பிடியில் பையைத் தொங்கவிடுவது எளிது. ஆபத்தும் அதில்தான் மிகுதி. பை ஆடும்போதெல்லாம் கைப்பிடி ஒரு பக்கம் இழுபடும். பையின் வார் முன்சக்கரக் கம்பிகளில் சிக்கினாலோ, சக்கரம் சட்டென நின்று, ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரும்.

முதுகுப்பை பள்ளம் மேடுகளின் அதிர்ச்சியைப் பொருள்களுக்கு அவ்வளவாக எட்டவிடாது. ஆனால் சுமை உயரத்தில் அமைகிறது, தோளும் நோகும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் மே, ஜூன் மாதங்களில் சட்டையும் நனைந்துவிடும். இலேசான பொருள்களுக்கே அது ஏற்றது.

கனமானவற்றுக்குப் பின்பக்கக் கேரியரே தகுந்த இடம். அங்கும் மேலே அடுக்குவதினும் இருபுறமும் தாழத் தொங்கவிடுவதே நன்று. பால்காரர் தம் கேன்களை அவ்வாறு மாட்டிச் செல்வது இந்த நுட்பம் அறிந்தே. சுமை தாழ்ந்தும் சமமாகவும் இருந்தால் வண்டி நிதானம் இழப்பதில்லை. டிபன் பெட்டியை ஒரு புறமும் புத்தகங்களை மறுபுறமும் வைத்து நாமும் சமன் செய்யலாம். மிதிக்கையில் குதிகால் இடிக்காதவாறு பைகளைச் சற்றுப் பின்தள்ளி மாட்டுதல் வேண்டும். மழைக்காலத்தில் காகிதங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் தேவை.

சுமை ஏறிய வண்டி நிற்பதற்கு அதிகத் தூரம் கொள்ளும். ஆதலால் பிரேக்கை முன்னதாகவே பிடிக்கவேண்டும். புறப்படுமுன் வண்டியை ஒருமுறை உலுக்கிப் பார்ப்போம். சுமை அசையாதிருந்தால் தயக்கமின்றி ஏறலாம்.