மோட்டார் சைக்கிளில் பாட்டு: வாட் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ் வாலிபர்களில் சிலர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ் டிக்கெட்டுக்காக அலைவதை விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளிலேயே ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போய்ச் சேரச் சுமார் 200 கிலோ மீட்டர். நாலு மணி நேரம் தனியாக வண்டி ஓட்டுகிறவருக்கு வழித்துணையாகப் பாட்டு இருந்தால் தேவலை என்று தோன்றுவது இயல்பு.

அந்த ஆசையோடு ஜே.சி. ரோட்டிலும் எஸ்.பி. ரோட்டிலும் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை வாட்?" என்பதுதான். கடைக்காரரும் சளைக்காமல் 200 என்பார், 500 என்பார். சில அட்டைப் பெட்டிகளில் 1,000 என்றே அச்சடித்திருக்கும். சம்பளத்தில் ஒரு பெரும் பகுதியைக் கொடுத்து வாங்கி மாட்டிய பிறகு, அத்திப்பள்ளி தாண்டி வேகம் எடுத்ததும் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கர் போலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்ட கேள்வியே சரியில்லை.

பெட்டியில் உள்ள எண்

மோட்டார் சைக்கிளில் இருப்பது 12 வோல்ட் பாட்டரி. எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் கிடைக்கும். வோல்டேஜை உயர்த்தும் தனி சர்க்யூட் இல்லாத சாதாரண ஆம்ப்ளிபயர், இந்த 14 வோல்ட்டைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சுமார் 20 வாட்தான் கரகரப்பில்லாமல் தர முடியும். இது கம்பெனியைப் பொறுத்த விஷயமல்ல, கணிதம். பெட்டியில் போட்டிருக்கும் 200-ம் 500-ம் கண நேர உச்சத்தைக் கூட்டிப் பெருக்கிச் சொல்லும் கணக்கு. பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் டேப் ரிக்கார்டர் காலத்தில் நடந்த வியாபாரத் தந்திரம்தான் இப்போது ஸ்பீக்கரின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 'ஆர்.எம்.எஸ்.' என்ற எழுத்துக்கு அருகில் இருக்கும் எண்ணை மட்டுமே பொருட்படுத்த வேண்டும்.

அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. அதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. அதுதான் சென்சிடிவிட்டி. 1 வாட் மின்சக்தி கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் சப்தம் தருகிறது என்பதே அது. சப்தத்தில் 3 டெசிபல் கூட வேண்டுமானால் மின்சக்தியை இரண்டு மடங்காக்க வேண்டும். 6 டெசிபலுக்கு நாலு மடங்கு. ஆகவே 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட் ஊட்டினால் வரும் சப்தம், 92 டெசிபல் ஸ்பீக்கரில் 20 வாட்டிலேயே வந்துவிடும். பெரிய ஆம்ப்ளிபயருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம், பாட்டரிக்கும் ஆயுசு.

பணமே செலவழிக்காமல் 6 டெசிபல் பெறவும் வழி இருக்கிறது. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், திறந்த வெளியில் ஏறத்தாழ அவ்வளவு கூடும். கிராஷ் கார்டில் முழங்காலுக்குக் கீழே கட்டப்பட்ட ஸ்பீக்கர் சேற்றைக் குடித்துக் கொண்டு முட்டிக்குப் பாடுகிறது. அதையே ஹாண்டில் பாரில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், முகத்தைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தால் பாட்டு காதுக்கு வரும். ஹோண்டா கோல்டு விங், ஹார்லி டேவிட்சன் போன்ற நெடுந்தூர வண்டிகளில் கம்பெனியே ஸ்பீக்கரைக் காற்றுத் தடுப்பு உறைக்குள், ஓட்டுகிறவரைப் பார்த்து வைப்பது இதனால்தான்.

அந்த வண்டிகளில் ஐந்தே கால், ஆறரை அங்குல ஸ்பீக்கர் பொருத்த இடமும், பின்பக்கம் மூடிய உறையும் உண்டு. சாதாரண 350 சி.சி. வண்டியில் 3 அல்லது 4 அங்குலத்துக்கு மேல் ஆசைப்படக் கூடாது. ஹாண்டில் பாரில் கனம் ஏறினால் வளைவில் வண்டி திரும்பும் விதமே மாறிப்போகும். ஸ்பீக்கரின் பின்பக்கம் திறந்திருந்தால், முன்னால் வரும் கனத்த ஒலியைப் பின்னால் வருவது தின்றுவிடும். எனவே மூடிய குப்பிக்குள் அடைத்து வருவதையே வாங்க வேண்டும்.

இன்னொன்று, ஓடும் வண்டியில் 'பாஸ்' தேடுவது வீண் செலவு. காற்றின் இரைச்சலில் பெரும் பகுதி தாழ்ந்த ஸ்தாயியில் இருக்கிறது. நாதஸ்வரம் அதைக் கிழித்துக் கொண்டு காதுக்கு வரும். தவிலின் தொப்பிப் பக்கம் வராது. 100 அல்லது 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஆம்ப்ளிபயரிலேயே வெட்டிவிட்டால் சின்ன ஸ்பீக்கர் கிழியாமல் தெளிவாகப் பாடும். கடைக்குள் நாலு சுவருக்கு நடுவே கேட்டுவிட்டு முடிவு செய்யக் கூடாது. வாசலுக்கு எடுத்து வரச் சொல்லி, ரோட்டுச் சப்தத்தில் கேட்டுப் பார்ப்பதே சரி.

பாட்டரி தாங்குமா?

ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பே போட வேண்டிய கணக்கு இது. ஒரு வண்டியின் ஆல்டர்நேட்டர் 200 வாட் தருவதாக வைத்துக் கொள்வோம். ஹாலஜன் ஹெட்லைட் 55 முதல் 60 வாட். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இரு சக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. பெட்ரோல் பம்பும் இக்னிஷனும் சேர்ந்து 70 வாட் போல இழுக்கும் என்று கொண்டால், பின் விளக்கு, ஹாரன், போன் சார்ஜர் போக மிஞ்சுவது சொற்பம். அந்த 200 வாட்டும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான். சில்க் போர்டு நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது அதில் ஒரு பகுதிதான் வரும். கூடுதல் பாக் லைட்டும் போட்டு ஸ்பீக்கரும் மாட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. 'கிளாஸ் டி' வகை ஆம்ப்ளிபயர், வாங்கும் மின்சாரத்தில் 80, 85 சதவிகிதத்தைச் சப்தமாக்கும் வேலைக்கு அனுப்பும். பழைய வகை பாதியைச் சூடாகவே வீணாக்கிவிடும். விலை கொஞ்சம் கூடினாலும் முன்னதே நல்லது.

எஞ்சினை நிறுத்திவிட்டு டீக்கடை வாசலில் பாட்டுக் கேட்பதுதான் பெரிய ஆபத்து. 350 சி.சி. வண்டியில் இருப்பது 8 ஆம்பியர்-மணி அளவுள்ள சின்ன பாட்டரி. 3 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்திலேயே ஸ்டார்ட்டர் சுற்ற மறுத்துவிடலாம். இப்போது வரும் பல வண்டிகளில் கிக்கரும் கிடையாது. நள்ளிரவில் தொப்பூர் மலையடியில், மனைவியையும் மூட்டையையும் வைத்துக் கொண்டு வண்டியைத் தள்ளிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஆகையால் ஆம்ப்ளிபயரை பாட்டரியோடு நேராகக் கட்டிவிடும் மெக்கானிக்கிடம் சம்மதிக்கக் கூடாது. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் விடும் ரிலே ஒன்று நடுவே இருக்க வேண்டும். பாட்டரிக்கு ஒட்டினாற்போல் பியூஸ் வேண்டும். சின்ன ஆம்ப்ளிபயருக்கு 10 ஆம்பியர் போதும். பியூஸை ஆம்ப்ளிபயர் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது. ஒயர் நல்ல தாமிரத்தில் 2.5 சதுர மில்லி மீட்டர் இருக்கட்டும். ஹாண்டில் பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் விறைக்கிறதா என்று பார்த்த பிறகே கிளிப் போட வேண்டும். கம்பெனி ஒயரை வெட்டி ஒட்டுப் போட்டால் வாரண்டியில் தகராறு வரும். தனி ஒயர்தான் நல்லது. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே வாயில் இணையாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். அதைத் தாங்காத ஆம்ப்ளிபயர் சூடேறி வாயை மூடிக் கொள்ளும், அல்லது ஒரேயடியாகப் போய்விடும்.

மழைக்கு, காகிதக் கூம்பு உதவாது. பாலிப்ரோபிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதாகப் பார்க்க வேண்டும். ஐ.பி.66 என்று போட்டிருந்தால் முதல் 6 தூசிக்கு, இரண்டாவது 6 பலமாகப் பீச்சும் தண்ணீருக்கு.

காதும் சட்டமும்

இத்தனை செய்தாலும் வேகத்துக்கு முன்னால் எந்த ஸ்பீக்கரும் ஜெயிக்காது. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபல் அளவை எட்டுவதாக அளந்திருக்கிறார்கள், 160-ல் 110. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக அமெரிக்க நிபுணர்கள் வகுத்த வரம்பு, 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்கு கால் மணி. காற்றையும் மீறிப் பாட்டு கேட்க வேண்டுமென்று வால்யூமைத் திருகுகிறவர் இந்தக் கணக்கிலிருந்துதான் கடன் வாங்குகிறார். பகலெல்லாம் பீன்யாவில் பிரஸ் மிஷின் பக்கத்தில் நிற்பவருக்கு ஏற்கெனவே அந்தக் கணக்கில் மீதி அதிகம் இராது. பின்னால் வரும் ஆம்புலன்சின் சைரன் கேட்காமல் போவது வேறு. 60, 70-க்குள் போகும்போது பாட்டு, வேகமெடுத்தால் நிறுத்தம் என்று வைத்துக் கொள்வதே புத்திசாலித்தனம்.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். வண்டியின் சப்தம் பற்றிய விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பின், 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதை விட்டாலும், பிழைக்க வந்த ஊரில் சிக்னலில் நின்று கொண்டு தன் பாட்டை நாலு திசைக்கும் கேட்கச் செய்வது அழகல்ல.

மாட்டிய பின் முதல் 50 கிலோ மீட்டரில் கிளாம்ப் போல்ட்டுகளை ஒரு முறை இறுக்கிவிட வேண்டும், அதிர்வில் தளர்ந்திருக்கும். கையால் கழற்றிப் பையில் போட்டுக் கொள்ளும்படியான கிளாம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது. வாடகை வீட்டு வாசலில், தெருவிளக்கு இல்லாத சந்தில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு அது பூட்டை விட உதவும்.